ஆயிடும் பாய்

அந்த மனிதர் மேல் எனக்கிருந்த கோபத்தை இத்தனை வருஷம் கழித்தும் முழுசாக இறக்கி வைக்க முடியவில்லை. வேலூர்க் கோட்டைக்கு எதிரே ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே அவருடைய கடிகாரக் கடை. கடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு முக்காலி, ஆளுக்கொரு நேரம் காட்டுகிற சுவர்க் கடிகாரங்கள், அவ்வளவுதான். அவர் பெயரை நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் வாட்ச் பாய். நான் வேலை பார்த்த லாரி பார்சல் ஆபீசில் மட்டும் அவருக்கு ஆயிடும் பாய் என்று பெயர். வைத்தவன் நான்தான்.

எதைக் கேட்டாலும் "ஆயிடும் தம்பி" என்பார். சனிக்கிழமை கிடைக்குமா பாய்? ஆயிடும். இந்த பார்ட் எங்கேயும் கிடைக்காது என்கிறார்களே? ஆயிடும். கிணற்றில் விழுந்து கிடந்த வாட்ச்சை ஒருவன் கொண்டுவந்து நீட்டினான். திறந்தால் உள்ளே துரு பிடித்துச் செங்கல் நிறத்தில் இருக்கிறது. பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது, இனி அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான் என்று. பாய் அதை ஊதிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். "ஆயிடும்" என்றார். அவனும் சந்தோஷமாகப் போய்விட்டான். அடுத்த வாரம் வந்தான், அதற்கடுத்த வாரமும் வந்தான். நான் போகும்போதெல்லாம் அவனும் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

ஒரு நர்ஸம்மாவின் டைம்பீஸ் கதை இதைவிட மோசம். அதற்குள் இருந்த ஒரு பல்சக்கரம் உடைந்துபோய்விட்டது, வேறு கிடைக்கவில்லை. அந்த அம்மா தினமும் ஒன்பதே கால் மணிக்கு அந்த வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார். பாய் என்ன செய்தார் தெரியுமா? டைம்பீஸைத் தெருவைப் பார்த்து வைத்து, முள்ளை ஒன்பதே காலில் நிறுத்திவிட்டார். அந்த அம்மா போகிற போக்கில் திரும்பிப் பார்ப்பார், நேரம் சரியாக இருக்கும். "ஓடுதே பாய், எடுத்துக்கட்டுமா?" என்றால், "டெஸ்ட்ல இருக்கும்மா, ஆயிடும்" என்பார். அந்த அம்மா ஒரு நாள் மத்தியானம் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு அதைச் சொன்னவர் பக்கத்துக் கடை டெய்லர். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அப்போது என் வாட்ச்சும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

என் வாட்ச் என்றால் நைனாவுடையது. அப்பாவை எங்கள் பக்கத்தில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்டராக இருந்தார். பதப்படுத்திய தோலை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் தடவி, இது ஃபர்ஸ்ட், இது செகண்ட்ஸ், இது தேர்டு என்று தரம் பிரித்துப் போடுகிற வேலை. இடது கை தூக்கும், வலது கை தடவும். காலையில் மேஜைக்கு முன்னால் நின்றால் சாயங்காலம் வரை அந்த இடது கை ஓயாது. சீமையிலிருந்து வந்து தோல் வாங்குகிற துரை ஒருவருக்கு நைனாவின் செலக்‌ஷன் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. ஒரு தடவை வந்தபோது தங்க முலாம் பூசிய சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்து, குடோனில் எல்லார் முன்னாலும் நைனாவின் இடது கையில் கட்டினார். "இதுக்குச் சாவி வேணாம், உழைக்கிற கை போதும்" என்று துரை சொன்னதாக மேனேஜர் மொழிபெயர்த்தாராம். அந்த வார்த்தையை நைனா சொல்லாத கல்யாண வீடு கிடையாது. தனக்குக் கிடைத்த சர்ட்டிபிகேட் மாதிரி அதை வைத்திருந்தார். நாங்களும் அப்படியே நினைத்துக்கொண்டோம்.

பல வருஷம் நிற்காமல் ஓடிய வாட்ச் அது. பிறகு ஓர் ஆடி மாதத்தில் நைனாவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். நடை வந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது. "கையில மட்டும் கொஞ்சம் மரமரப்பு இருக்குது, போயிடும்" என்பார் நைனா. நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பிழைத்து வந்ததே போதும் என்றிருந்தது. அவருக்கு அது போதவில்லை. அவர் மேஜையில் வேறொருவர் நின்று தரம் பிரித்துக்கொண்டிருந்தார். முதலாளியிடம் போய்க் கேட்டதற்கு, "பொங்கலுக்கு அப்புறம் துரை வர்றாரு, அப்ப வாங்க, பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து நைனாவுக்கு வேறு நினைப்பே இல்லை. துரை வருகிற அன்று சலவைச் சட்டை போட்டு, துரை கொடுத்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும், மேஜையைத் திரும்ப வாங்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்திருக்கிற நைனாவை அதற்கு முன்னால் நாங்கள் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் புடவையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் மடியில் விரித்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாட்ச்சோ அந்தச் சமயம் பார்த்து நின்று நின்று போனது. அதன் லட்சணமும் சொல்லும்படி இல்லை. மேஜை விளிம்பில் இடித்து இடித்து ஒரு பக்கம் முலாம் போய் வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணாடி மங்கி, டயல் புகை பிடித்த சுவர் போல இருந்தது. காரணம் தேடவே வேண்டாம், எங்கள் ஊரில் எது கெட்டாலும் பழி சுண்ணாம்புத் தொட்டி மேல்தான். தோலை ஊறப் போடுகிற அந்தத் தொட்டிகளின் காற்றில் வெள்ளிக் கொலுசு கறுக்கும், குழாய் இற்றுப் போகும். தலைமுடி கொட்டினாலும் சுண்ணாம்பு, மாடு கம்மியாகக் கறந்தாலும் சுண்ணாம்பு. வாட்ச் நின்றால் உள்ளே சுண்ணாம்புத் தூள் போயிருக்கும், சர்வீஸ் பண்ணினால் சரியாகிவிடும் என்று தெருவே சொன்னது.

ஆஸ்பத்திரிக்குக் காட்ட வந்த ஒரு நாளில் நைனாவையே பாய் கடைக்குக் கூட்டிப் போனேன். பாய் எழுந்து முக்காலியை நைனாவுக்குப் போட்டார். வாட்ச்சைத் தானே கழற்றினார். கழற்றிய பிறகும் நைனாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, மெதுவாக அவர் மடியில் வைத்தார்.

"இன்னா பாய், சுண்ணாம்பு பூந்திருக்குமா?" என்றார் நைனா.

"ஆமாங்க அய்யா. சுண்ணாம்புதான்."

"துரை வர்றதுக்குள்ள பளபளன்னு ஆவணும். புதுசு மாதிரி இருக்கணும்."

"ஆயிடும் அய்யா."

அன்று ஆரம்பித்தது என் அலைச்சல். வாரம் பூராவும் வேலூரில் ஆபீஸ் மாடியில் தங்கல், சனிக்கிழமை சாயங்காலம் ஆம்பூர் பஸ். ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறும் முன் பாய் கடை. டயலுக்குப் பெயிண்ட் அடிக்க மெட்ராஸுக்கு அனுப்பியிருக்கிறேன் என்பார். முலாம் பூசுகிறவனுக்குக் காய்ச்சல் என்பார். கண்ணாடி சைஸ் ஜாஸ்தியாகிவிட்டது என்பார். கடைசியில் டயல் வந்தது, ஆம்பூருக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். நைனா அதைக் கண்ணருகில் வைத்து, கட்டைவிரலை அதன் மேல் ஓட்டி, "ஆறாம் நம்பர் கோணல். இது செகண்ட்ஸ்டா" என்றார். திரும்பவும் மெட்ராஸ், திரும்பவும் ஆயிடும். தீபாவளி போய்க் கார்த்திகையும் போன பிறகு வாட்ச் கைக்கு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நேற்று வாங்கியது போல இருந்தது. நைனா கையில் கட்டினேன். அம்மா திருஷ்டி கழிக்காத குறை.

திங்கட்கிழமை காலை நின்றுவிட்டது.

கொண்டுபோய்ப் போட்டேன். சனிக்கிழமை வாங்கினேன், டிக் டிக் என்று ஓடியது. கைக்குட்டையில் சுற்றி ஆம்பூர் கொண்டுபோனேன். அந்த வாட்ச்சை வேறு யாரும் கட்டக்கூடாது என்பது நைனாவின் சட்டம். ஞாயிறு ஓடும், திங்கள் நிற்கும். எத்தனை வாரம் இப்படி! பாயைக் கேட்டால், "கொஞ்சம் தூள் பாக்கி இருக்குது தம்பி." ஒரு நாள் சாயங்காலம் கோட்டை அகழி ஓரமாக வந்துகொண்டிருந்தேன். எதிரே பாய், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அடுத்தவன் வாட்ச்சுகளாகக் கட்டிக்கொண்டு, கையை வீசி வீசி நடந்து வருகிறார். நடுவில் நைனாவின் வாட்ச் மின்னுகிறது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"இன்னா பாய் இது? ஜோடனையா?"

"ஆட்டோமேட்டிக்கைப் பெட்டியில வெச்சுப் பாக்க முடியாது தம்பி. கையில கட்டித்தான் பாக்கணும்" என்றார். அவர் சொன்னது எனக்கு மண்டையில் ஏறவில்லை. ஊரான் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு மினுக்குகிறவர் வேறென்ன சொல்வார் என்று நினைத்தேன்.

அந்த வாரத்தில்தான் டெய்லர் இன்னொன்றும் சொன்னார். பாயின் பெரியம்மா இறந்துபோனபோது, பேரணாம்பட்டில் இருந்த இவருடைய தங்கையிடம் சொல்லிக் கூட்டி வர இவரையே அனுப்பினார்களாம். போனாராம், தங்கை டீ கொடுத்தாளாம், குடித்தாராம். "பெரியம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் பேஜாரா இருக்குது, ஆயிடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாராம். மறுநாள் வேறொரு ஆள் போய்ச் சொல்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கடைசியாக முகம் பார்க்க முடியாமல் போன அந்தத் தங்கை இவரோடு வருஷக்கணக்கில் பேசவில்லை. நல்ல மனுஷன் என்று நாலு பேர் சொல்கிற ஒருவரால் இப்படியும் ஒரு கெடுதல் செய்ய முடியுமா என்று இருந்தது.

மார்கழியில் ஒரு புதன்கிழமை போய், "குடுங்க பாய், நீங்க பார்த்தது போதும், வேற கடைல குடுத்துக்கறேன்" என்று அவர் கையிலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டேன். வேறு கடைக்குப் போக நேரமில்லை. பொங்கல் சரக்கு மலை போல் குவிந்திருந்தது, குடியாத்தம் லுங்கிக் கட்டுகளை நானே தூக்கி அடுக்க வேண்டிய நிலை. ஆத்திரத்தில் நைனாவின் சட்டத்தை மறந்து என் கையிலேயே கட்டிக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை ஊருக்கும் போக முடியவில்லை. ஞாயிறு ஓடியது. திங்கள் ஓடியது. செவ்வாய், புதன், நிற்கவே இல்லை. எனக்குக் கால் தரையில் படவில்லை. பிடுங்கி வந்ததில் பயந்துபோய் அதுவே சரியாகிவிட்டது என்று ஆபீசில் சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த சனிக்கிழமை நைனா கையில் கட்டினேன். திங்கட்கிழமை காலை நின்றிருந்தது. கழற்றி எடுத்துக் காதருகே கொண்டுபோனேன். அந்த அசைவிலேயே டிக் டிக் என்று ஓட ஆரம்பித்தது. நைனாவின் இடது கை நாற்காலியில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஞாயிறு பூராவும் அது அங்கேயேதான் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உழைக்கிற கை போதும் என்று துரை சொன்னது பாராட்டு மட்டுமில்லை, அந்த வாட்ச் கை ஆடினால்தான் ஓடும்.

எனக்கு மறைக்கத் தெரியாது. "நைனா, வாட்ச்ல ஒண்ணும் இல்ல. உங்க கை ஆடல. அது ஆடினாத்தான் இது ஓடும்" என்றேன். துரை வருவதற்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. எல்லார் முன்னாலும் போய் நின்று அவமானப்படுவதற்கு முன்னால் வீட்டிலேயே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொன்னேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

நைனா வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "பார்சல் கட்றவனுக்கு வாட்ச்சைப் பத்தி இன்னா தெரியும்? நானே போய் பாய்கிட்ட கேக்கறேன்" என்று எழுந்து சட்டையை மாட்டினார். மாட்டிவிட்டது அம்மா.

இரண்டு பேரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான், அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு தடவையாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். கடையில் நைனாவை உட்கார வைத்துவிட்டு, "பாய், இது ஏன் நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். அதை நைனாகிட்ட சொல்லுங்க" என்றேன். பாய் வாட்ச்சின் முதுகைத் திறந்தார். கண்ணில் லென்ஸை மாட்டினார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு லென்ஸை எடுத்துவிட்டு நைனாவின் முகத்தைப் பார்த்தார்.

"சுண்ணாம்புத் தூள்தான் அய்யா. இன்னும் கொஞ்சம் இருக்குது. துரை வர்றதுக்குள்ள ஆயிடும்."

நான் கத்திய கத்தலில் டெய்லர் ஊசியும் கையுமாக வெளியே வந்துவிட்டார். நைனா என்னைப் பார்த்து, "கேட்டியா?" என்றார். எழுந்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். அவரை ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து பாயின் பெட்டி மேல் ஓங்கி அடித்தேன்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் பாய் இப்படிச் சொன்னீங்க?"

"மூஞ்சியப் பாத்துட்டு எப்படி தம்பி சொல்றது?"

"நான் சொன்னேனே!"

"நீ புள்ள. நீ சொல்லலாம்" என்றார். குனிந்து வாட்ச்சின் முதுகை மூடினார். அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை.

துரை வந்தது ஒரு சனிக்கிழமை, அன்று லீவு போட்டு நைனாவோடு குடோனுக்குப் போனேன். முந்தின நாள்வரை பாய் கையில் ஆடிய வாட்ச், நைனா கையில் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. துரைக்குத் தலை நரைத்திருந்தது. நைனாவைப் பார்த்ததும் வேகமாக வந்தார். வாட்ச்சைப் பார்த்ததும் குனிந்து அதில் காதை வைத்துக் கேட்டார், கேட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். "அன்னைக்குக் கட்டினது, இன்னும் ஓடுதுன்னு சொல்லுங்க" என்றார் நைனா, மேனேஜரிடம். அந்த நிமிஷம் நைனாவின் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை.

யாரும் கேட்காமலே நைனா தன் பழைய மேஜைக்குப் போய் நின்றார். அடுக்கிலிருந்து மேலே இருந்த தோலை இடது கையால் பிடித்தார். நெஞ்சு வரை தூக்கினார். அதற்கு மேல் கை வரவில்லை. தோல் நழுவி மேஜையில் விழுந்தது. இன்னொரு தடவை எடுத்தார், இன்னொரு தடவை விழுந்தது. துரைதான் வந்து அந்தத் தோலை எடுத்துத் தன் இரண்டு கையாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நைனா வலது கட்டைவிரலால் தடவினார். "செகண்ட்ஸ்" என்றார். துரை தலையாட்டிவிட்டு அதைச் செகண்ட்ஸ் அடுக்கில் போட்டார். பிறகு நைனாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். முதலாளி என் பக்கம் வந்து, "வெயில் ஏர்றதுக்குள்ள கூட்டினு போங்க தம்பி" என்றார், தணிந்த குரலில்.

ரயில்வே கேட் வரைக்கும் நடந்தோம். கேட் மூடியிருந்தது. எனக்குள் அடக்கி வைத்ததெல்லாம் அங்கே வெடித்தது. "அந்த ஆளு மட்டும் உள்ளதைச் சொல்லியிருந்தா நீங்க அங்க போய் நின்னிருப்பீங்களா? மனுஷனா அவன்? நாளைக்கே போய் அந்தக் கடையை..."

"நீதான் சொன்னியேடா" என்றார் நைனா.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"நீ சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என் கை எனக்குத் தெரியாதா? அவரு வாயால ஆயிடும்னு இன்னொரு தபா கேட்டுக்கலாம்னுதான் பஸ் ஏறினேன்."

கூட்ஸ் வண்டி ஒன்று தடதடவென்று போனது. அது போய் முடிகிற வரைக்கும் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கேட் திறந்ததும் நைனாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினேன்.

திங்கட்கிழமை காலை வாட்ச் நின்றுவிட்டது. பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நைனா கூப்பிட்டு இடது மணிக்கட்டைக் காட்டினார். கழற்றினேன்.

"பாய்கிட்ட குடுத்துடு. தூள் இன்னும் பாக்கி இருக்கும்" என்றார்.

பாய் என்னைக் கண்டதும் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. கைக்குட்டையைப் பிரித்து வாட்ச்சை நீட்டினேன். ஒன்றும் கேட்காமல் வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டார். தெருவைப் பார்த்து வைத்திருந்த டைம்பீஸில் மணி ஒன்பதே கால்.

"எப்ப ஆவும் பாய்?" என்றேன்.

"சனிக்கிழமை ஆயிடும் தம்பி."

சரி என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன்.